ஓணான் செய்த குற்றம் என்ன?

குழந்தை உள்ளம் கள்ளமற்றது, எழுதப்படாத வெள்ளைத் தாளைப் போன்றது என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அந்த வெள்ளைத் தாளில் முதல் கறையை வைக்கும் கை யாருடையது என்று கேட்டால் மட்டும் நம்மில் எவரும் வாய் திறப்பதில்லை.

ஓதப் பள்ளிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் விடுமுறையான ஒரு நாளில் நம் ஊர்களின் வேலியோரங்களுக்குச் சென்று பாருங்கள். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, அடிமேல் அடிவைத்து நடக்கும் சிறுவர் கூட்டம் ஒன்றைக் காணலாம். வேலிமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஓணானின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் ஓர் ஆரவாரம் எழும். அதன் வாயைப் பிளந்து மூக்குப்பொடியைத் திணிப்பார்கள். காரம் தாங்காமல் அது தலைசுற்றித் தள்ளாடும்போது, "ஆடுது, ஆடுது" என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆட்டம் ஓய்ந்ததும் கல்லெறி தொடங்கும். பத்துப் பதினைந்து கற்கள் பட்டு அது சிதையும்போது அந்தச் சிறுவர்களின் முகத்தில் தோன்றுவது அச்சமன்று, அருவருப்புமன்று. ஏதோ ஒரு கடமையை முடித்த பெருமிதம்!

ஓணானோடு இது நிற்பதில்லை. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவதும், நாயின் வாலில் தகர டப்பாவைக் கட்டி ஓடவிடுவதும், கவணால் அணிலையும் சிட்டுக்குருவியையும் அடித்து வீழ்த்துவதும் ஊருக்கு ஊர் நடப்பவையே. ஓணான் அருகிவிட்ட நகரங்களில் அதன் இடத்தைத் தெருநாய்க் குட்டியும் பூனைக் குட்டியும் நிரப்புகின்றன. கையில் செல்பேசி வந்த பிறகு புதியதொரு தீமையும் சேர்ந்துகொண்டது; கொடுமை செய்வதோடு அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டி மகிழ்வதும் வழக்கமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு நாயை மாடியிலிருந்து வீசி எறிய, மற்றொருவர் அதனைப் படம் பிடித்தார். நாட்டையே பதறவைத்த அந்தக் காட்சியில் எறிந்தவரின் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதே மாதத்தில் ஹைதராபாத்தில் சிறுவர் சிலர் நாய்க்குட்டிகளை உயிரோடு எரித்து, அதையும் படம் பிடித்தனர்.

சில பிள்ளைகள் ஏன் இப்படி ஆகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பயனில்லை. பெரியவர்களாகிய நம்மிடமே கேட்டாக வேண்டும்.

மூன்று சாக்குகள்

இந்தப் பேச்சை எடுத்தவுடனே நம்மவர்கள் மூன்று சாக்குகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

"சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்கிறான்" என்பது முதலாவது. இரண்டு மூன்று வயதுக் குழந்தை பூனையின் வாலைப் பிடித்து இழுத்தால் இந்த வாதம் பொருந்தும். அந்த வயதில், தான் இழுக்கும் வால் வேறோர் உயிருக்கு வலிக்கும் என்ற உணர்வு முழுதாக அமைவதில்லை. ஆராயும் ஆவலே அங்கே மிகுதி. ஆனால் எட்டு வயதுச் சிறுவன் ஓணானுக்கு மூக்குப்பொடி வைப்பது தெரியாமல் செய்கிற செயலா? அதற்கு எரிகிறது என்பது தெரிந்தல்லவா வைக்கிறான்! எரியாவிட்டால் அது ஆடாது. ஆடாவிட்டால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

"ஆண்பிள்ளை என்றால் கொஞ்சம் துணிச்சல் வேண்டாமா?" என்பது இரண்டாவது. ஒரு சாண் நீளமுள்ள, நஞ்சற்ற, ஓடி ஒளிவதைத் தவிர வேறு தற்காப்பில்லாத ஒரு பிராணியை ஏழெட்டுப் பேர் கூடிநின்று கல்லால் அடிப்பது துணிச்சல் என்றால், கோழைத்தனம் என்ற சொல்லை எதற்காக வைத்திருக்கிறோம்?

"அது பிறவிக் குணம், நாம் என்ன செய்வது?" என்பது மூன்றாவது. மூன்றிலும் மோசமானது இதுதான். ஏனெனில், இது பழியைப் படைத்தவன் மீதே போடுகிறது. எந்தக் குழந்தையும் ஈர்க்கில் சுருக்குப் போடும் கலையைத் தாயின் வயிற்றிலிருந்து கற்றுக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான நன்னெறியிலேயே பிறக்கிறது, அதை மாற்றுவோர் பெற்றோரே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதை மேடையில் எடுத்துரைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிறவிக் குணம் என்று கைவிரிப்பது நமக்கு அழகாகுமா?

தீர்ப்பு வழங்கிய கதை

ஓணானை ஏன் அடிக்கிறாய் என்று நம் சிறுவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை சொல்வான். பெருமானார் (ஸல்) அவர்கள் எதிரிகளுக்கு மறைந்து குகையில் தங்கியிருந்தபோது, ஓணான் தலையை ஆட்டி ஆட்டி அவர்களைக் காட்டிக் கொடுத்ததாம்; ஆகவே அதைக் கொல்வது நன்மையாம்! இந்தக் கதையைத் தெருப் பிள்ளைகளிடம் கேட்டதாகச் சிலர் சொல்வர். வீட்டுத் திண்ணையில் கேட்டதாகச் சிலர் சொல்வர். எங்கே கேட்டிருந்தாலும் அதை மறுத்துரைக்க ஒரு பெரியவரும் முன்வரவில்லை என்பது மட்டும் உறுதி.

ஹிஜ்ரத்தின்போது பெருமானாரும் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களும் ஸவ்ர் குகையில் தங்கியதைத் திருமறை குறிப்பிடுகிறது. அங்கே ஓணான் இல்லை. ஆறு பெரும் ஹதீஸ் தொகுப்புகளையும் புரட்டிப் பாருங்கள். குகையைக் காட்டிக் கொடுத்த ஓணான் எங்கும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது இந்தக் கதை?

அண்டை வீட்டு இந்துச் சிறுவனைக் கேளுங்கள், மர்மம் விளங்கிவிடும். அவனும் ஓணானை அடிக்கிறான்; அவனிடமும் ஒரு கதை இருக்கிறது. இராமர் தாகத்தால் வாடியபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணானோ சிறுநீரைக் கொடுத்ததாம். ஆகவே அணிலைத் தடவிக் கொடுக்க வேண்டும், ஓணானைக் கல்லால் அடிக்க வேண்டும்! மதம் வேறு, கதை வேறு, காலம் வேறு. குற்றவாளி மட்டும் ஒருவனே! இதிலிருந்து விளங்குவது என்ன? கதை முதலில் பிறந்து, அதனால் கல்லெறி வரவில்லை. கல்லெறிதான் முதலில் இருந்தது. அதற்கு நியாயம் தேடியபோது ஆளுக்கொரு கதை பிறந்தது. செய்கிற கொடுமைக்குப் புனிதமான ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனச்சாட்சி உறங்கிவிடுகிறது அல்லவா?

ஓணான் தலையை ஆட்டுவது யாரையும் காட்டிக் கொடுப்பதற்கன்று. அது ஆண் ஓணான் தன் இடத்தை உரிமை கொண்டாடவும் துணையை அழைக்கவும் இறைவன் கற்றுக்கொடுத்த மொழி. இனப்பெருக்கக் காலத்தில் அதன் கழுத்து சிவப்பதும் அதற்காகவே. நம் இரத்தத்தை உறிஞ்சியதால் அன்று. பூச்சிகளைத் தின்று தோட்டத்துக்குத் துணை செய்யும் சிற்றுயிர் அது. ஒரு வாதத்துக்காக, எப்போதோ ஓர் ஓணான் தவறு செய்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் செய்த பாவத்தின் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றாத மார்க்கம் நம்முடையது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஓணானின் குற்றத்துக்கு, நேற்று முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சைத் தண்டிப்பது எந்த ஷரீஅத்?

"பல்லியைக் கொல்லச் சொல்லும் நபிமொழி உண்டே" என்று சிலர் குறுக்கிடுவர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நபிமொழியை முழுதும் படித்தார்களா? ஒரே அடியில் கொன்றவருக்கு நன்மை மிகுதி. இரண்டாவது அடியில் குறைவு. அதற்கு மேலும் அடித்தால் இன்னும் குறைவு. இதன் உட்பொருள் என்ன? கொல்ல நேர்ந்தாலும் துடிக்கத் துடிக்கக் கொல்லாதே என்பதல்லவா? இந்த நபிமொழியை வைத்துக்கொண்டு மூக்குப்பொடி ஆட்டத்துக்கு ஃபத்வா வாங்க முடியுமா?

நம் வீடுகளில் வேறொரு கதையும் உண்டு. உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றே ஒரு படலம் பாடியிருக்கிறார். வேடனின் வலையில் சிக்கிய தாய்மான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்புவதாக வாக்களிக்க, அதற்குப் பெருமானார் தாமே பிணையாக நின்றதாகப் புலவர் பாடுகிறார். அந்தப் படலத்தை முறைவைத்து ஓதிக் கேட்ட சமுதாயம் நாம். மானுக்குப் பிணை நின்ற கதையும் ஓணானுக்குத் தண்டனை விதித்த கதையும் ஒரே சமுதாயத்தில் வழங்கியிருக்கின்றன. புலவர் பாடியது ஏட்டில் தங்கிவிட்டது. எவரும் பாடாதது பிள்ளைகளின் கையில் கல்லாக மாறிவிட்டது. இந்தத் தேர்வைச் செய்தவர்கள் பிள்ளைகளா?

கோழியும் சிறுவனும்

இந்தப் பொருளைப் பற்றி நம் முன்னோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்குப் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்று போதும். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் யஹ்யா இப்னு ஸயீத் என்பாரின் இல்லத்துக்குச் சென்றார்கள். அவ்வீட்டுச் சிறுவன் ஒருவன் ஒரு கோழியைக் கட்டிவைத்து, அதைக் குறியாக்கி எறிந்துகொண்டிருந்தான். இப்னு உமர் நேரே கோழியிடம் சென்று கட்டை அவிழ்த்தார்கள். பிறகு கோழியையும் சிறுவனையும் அழைத்துக்கொண்டு வீட்டாரிடம் வந்தார்கள். பறவைகளை இப்படிக் கட்டிவைத்துக் கொல்வதிலிருந்து உங்கள் பிள்ளையைத் தடுத்து வையுங்கள் என்ற பொருளில் அவர்களிடம் சொன்னார்கள்; பெருமானார் அதைத் தடுத்திருப்பதையும் எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதலில் செய்தது கோழியை விடுவித்தது. உபதேசம் அதற்குப் பின்னரே வந்தது. சிறுவனை அவர்கள் அடித்ததாகச் செய்தியில் இல்லை. கண்டிக்கப்பட்டவர்கள் வீட்டுப் பெரியவர்கள். கையில் கல்லோடு நின்றவன் சிறுவன். பதில் சொல்ல வேண்டியவர்களோ அவனை வளர்த்தவர்கள்! பிள்ளைகள் ஏன் கொடுமை செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அன்றே அந்த வீட்டு முற்றத்தில் விடை கூறப்பட்டுவிட்டது.

இன்று நம் தெருவில் இப்படி ஒருவர் நடந்துகொண்டால் என்ன ஆகும்? "என் பிள்ளையைச் சொல்ல நீ யார்?" என்று சண்டைக்கு வருவார் தந்தை. "ஒரு ஓணானுக்காகவா இவ்வளவு?" என்று ஊர் சிரிக்கும்.

மௌனமும் ஓர் அனுமதியே

மேல்நாட்டு அறிஞர்கள் ஆய்ந்து கண்டதும் இதற்கு வேறானதன்று. ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக், 1693இல் வெளியான கல்வி பற்றிய தம் நூலில், சிறு பறவைகளையும் பூச்சிகளையும் வதைக்கும் பிள்ளைகளைக் குறித்து எச்சரித்தார். கொடுமையில் இன்பம் காண்பது இயற்கையில் அமைந்ததன்று, பழக்கத்தாலும் பெரியோர் சிரிப்பாலும் ஊட்டப்படுவது என்பது அவர் கருத்து. 1751இல் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் கொடுமையின் நான்கு படிகளைச் சித்திரங்களாகச் செதுக்கினார். தெருவில் நாயை வதைக்கும் சிறுவன், அடுத்த படத்தில் குதிரையை அடிக்கும் வண்டிக்காரனாகிறான், அதற்கடுத்ததில் கொலைகாரனாகிறான், கடைசிப் படத்தில் தூக்கிலிடப்பட்டு, அவன் உடல் அறுக்கப்படுகிறது.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலார் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் கண்டனர். பின்னர் தாமும் அதே பொம்மையிடம் விடப்பட்டபோது, அந்த அடியையும் உதையையும் மட்டுமல்ல, பெரியவர் பேசிய சொற்களையும் அவர்கள் அப்படியே திருப்பிச் செய்தனர். 1965இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. அடித்தவருக்குப் பரிசு கிடைத்ததைச் சில குழந்தைகள் கண்டனர். தண்டனை கிடைத்ததைச் சிலர் கண்டனர். பரிசுமில்லை, தண்டனையுமில்லை, எவரும் ஒன்றுமே சொல்லவில்லை என்பதைச் சிலர் கண்டனர். தண்டனையைக் கண்ட குழந்தைகள் அடக்கிக்கொண்டனர். எவரும் ஒன்றும் சொல்லாததைக் கண்ட குழந்தைகளோ, பரிசைக் கண்ட குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டனர்!

பெற்றோர்களே, இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நாம் ஒன்றும் சொல்லாமல் கடந்து போகிறோமே, அதைப் பிள்ளை வெறும் மௌனம் என்று எடுத்துக்கொள்வதில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறான். மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் 1964இல் எழுதியதும் இதுவே. ஒரு பிள்ளை ஒரு பிராணியை வதைத்துவிட்டு, கேள்வியின்றித் தப்பிவிடுவது அப்பிள்ளைக்கு நேரக்கூடிய பெரும் ஆபத்துகளுள் ஒன்று என்றார் அவர். ஆபத்து பிராணிக்கு மட்டுமன்று, பிள்ளைக்கும்தான்!

அடிபட்ட கை

நாம் பேசத் தயங்கும் இன்னொரு காரணமும் உண்டு. அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் பிரம்பு, ஓதப் பள்ளியிலும் பிரம்பு. அடி வாங்கும் பிள்ளை திருப்பி அடிக்க முடியாது. அப்பனின் கை பெரியது. ஆசிரியரின் பிரம்பு நீளமானது. ஆனால் அந்தப் பிள்ளையைவிடச் சிறியதாக இவ்வுலகில் ஓர் உயிர் உண்டு. அது வேலிமேல் இருக்கிறது. அல்லது குப்பைத் தொட்டியின் அருகே சுருண்டு படுத்திருக்கிறது. வீட்டில் தான் கற்ற பாடத்தை அங்கே போய் ஒப்பிக்கிறான் சிறுவன். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதே அந்தப் பாடம்.

1983இல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியதாகக் கண்டறியப்பட்டு, வளர்ப்புப் பிராணிகளும் வைத்திருந்த 53 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் 60 விழுக்காட்டு வீடுகளில் பிராணிகளும் வதைக்கப்பட்டிருந்தன. குழந்தைகளை உடல்ரீதியாகத் துன்புறுத்திய வீடுகளை மட்டும் தனியே எடுத்தால், அது 88 விழுக்காடு! குழந்தைக்கு இரக்கம் கிடைக்காத வீட்டில் பூனைக்கும் இரக்கம் கிடைப்பதில்லை. மனைவியைக் கணவன் அடிக்கும் வீட்டிலும் இதே நிலைதான். உம்மா அடிபடுவதைக் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, மறுநாள் நாய்க்குட்டியைச் சுவரில் மோதுகிறான். அவனைக் கொடியவன் என்கிறோம். அவனுக்கு ஆசிரியராக இருந்தவரையோ, குடும்பத் தலைவர் என்று அழைக்கிறோம்!

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்று பெருமை பேசினார் அக்ரஃ இப்னு ஹாபிஸ். இரக்கம் காட்டாதவர்மீது இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். இரக்கம் என்பது பெற்றால்தான் கொடுக்க முடியும். முத்தம் பெறாத கன்னத்துக்குரிய பிள்ளை, தடவிக் கொடுக்கும் கையை எங்கிருந்து பெறுவான்?

இரண்டு சிரிப்புகள்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. குர்பானிக்கு உரிய ஆடு சில நாள் முன்னதாகவே வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் அதற்குத் தழை பறித்து வந்து ஊட்டுகிறார்கள். பெயர் வைத்து அழைக்கிறார்கள். அதே நேரத்தில் தெருவில் வேறு சில பிள்ளைகள் ஆட்டின் காதைத் திருகுகிறார்கள். முதுகில் ஏறிச் சவாரி செய்கிறார்கள். இரண்டு கிடாய்களை முட்டவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அதைப் பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பெருநாள் அன்று, தழை ஊட்டிய பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. அதையும் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்! "என்னடா, பெண்பிள்ளை மாதிரி" என்று கேலி செய்து, கையைப் பிடித்து இழுத்து, அறுப்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நிறுத்தி வைப்பாரும் உண்டு.

இந்த இரண்டு சிரிப்புகளும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் உள்ளத்தைக் கல்லாக்குகின்றன. வதைத்தவனைப் பார்த்துச் சிரித்தால், வதைப்பது விளையாட்டு என்று கற்றுக்கொள்கிறான். அழுதவனைப் பார்த்துச் சிரித்தால், இரக்கம் இழிவு என்று கற்றுக்கொள்கிறான். தியாகத் திருநாளின் பொருள் இதுவா? தமக்கு அன்பானதை இறைவனுக்காக விட்டுக்கொடுத்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் நினைவு நாளில், அந்த ஆட்டின்மீது உண்மையில் அன்பு வைத்த ஒரே உள்ளம் அழுகின்ற அந்தப் பிள்ளையின் உள்ளம்தான். அதைத் தட்டிக்கொடுப்பதற்கு மாறாக எள்ளி நகையாடுகிறோம்!

அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்துபோனது. அந்தச் சிறுவனின் துக்கத்தைப் பொருட்படுத்தி, அவன் பெயரோடு குருவியின் பெயரையும் இணைத்து அன்போடு விசாரித்தார்கள் பெருமானார். ஓர் அரசையும் ஒரு சமுதாயத்தையும் நடத்தும் பொறுப்புக்கிடையே, ஒரு குருவிக்காக அழும் ஒரு சிறுவனுக்கு அவர்களிடம் நேரம் இருந்தது. நமக்கு இல்லை!

"இறைச்சி உண்போர் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று நம்மை நோக்கி விரல் நீட்டுவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். இறைச்சியே இல்லாத வீட்டுப் பிள்ளையும் தட்டானின் வாலில் நூல் கட்டுகிறான். நாயின் வாலில் வெடி கட்டுகிறான். உணவுக்காக அறுப்பது வேறு. வேடிக்கைக்காக வதைப்பது வேறு. கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு நோவு குறையும்படி அறுக்க வேண்டும் என்று கட்டளையிட்ட மார்க்கம், உயிருள்ள எதையும் எறிகுறியாக்கி விளையாடுவதைச் சாபத்துக்குரியது என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்தப் பதிலைத் தலைநிமிர்ந்து சொல்லும் தகுதி நமக்கு எப்போது வரும்? அறுப்பதற்கு முன் ஆட்டைத் தெருவில் இழுத்துச் செல்வதையும், மற்றோர் ஆட்டின் கண்ணெதிரே அறுப்பதையும் நாம் நிறுத்திய பின்னர்தான்!

"மனிதனுக்கே நாதியில்லாத காலத்தில் ஓணானுக்கு வக்காலத்தா?" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஓணானுக்காக மட்டும் நாம் வழக்காடவில்லை, மனிதனுக்காகவும்தான் வழக்காடுகிறோம். இன்று ஓணான், நாளை வகுப்பில் நோஞ்சான் பையன், அதற்கடுத்து வீட்டுக்கு வாழ வந்த பெண். எளியதை வதைப்பதில் இன்பம் காணப் பழகிய கை, ஆள் மாறியதும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்று எண்ணுவது பேதைமை.

ஆயினும் ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். ஓணானை அடித்த பிள்ளைகளெல்லாம் கொலைகாரர்களாகிவிடுவார்கள் என்பது உண்மையன்று. ஹோகார்த் வரைந்தது எச்சரிக்கை; தலைவிதியன்று. பிராணிகளை வதைத்தல், தீ வைத்தல், வளர்ந்த பின்னும் படுக்கையை நனைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எதிர்காலக் கொலைகாரன் என்ற கருத்து ஒன்று 1963இல் அமெரிக்க மருத்துவர் மெக்டொனால்டின் கட்டுரையிலிருந்து கிளம்பிப் பரவியது. பின்வந்த ஆய்வுகள் அதற்கு உறுதியான சான்று தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் கூட்டத்தோடு சேர்ந்து செய்து, வளர வளர விட்டுவிடுகிறார்கள். ஆனால் தனியாக, மறைவாக, மீண்டும் மீண்டும், வலியைக் கண்டு மகிழ்ந்து வதைக்கும் பிள்ளையின் நிலை வேறு. அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கம் 1987இல் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, பிராணிகளை வதைப்பதை நடத்தைக் கோளாற்றின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதில் பயனில்லை. அடித்துத் திருத்த முயல்வது எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பதே. அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு முன், அவனை யார் வதைக்கிறார்கள் என்பதையும் கண்டறிய வேண்டும்.

வீட்டில் தொடங்குவோம்

சட்டம் இதைத் திருத்தும் என்று காத்திருக்க இயலாது. சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தொடங்கிய முயற்சியின் விளைவாக, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில், உயிரினங்களிடம் பரிவு காட்டுவதும் குடிமகனின் கடமை என்று எழுதப்பட்டது. எழுதியது எழுதியபடி இருக்கிறது. வேலியோரத்தில் கல்லெறி நடக்கிறது. வேலியோரத்தில் காவலர் நிற்க முடியாது. அங்கே நிற்க வேண்டியது வீட்டில் வளர்த்த மனச்சாட்சி.

வதைக்கும் பிள்ளையைக் கண்டால், இப்னு உமர் (ரலி) செய்ததைச் செய்யுங்கள். முதலில் பிராணியை விடுவியுங்கள். பிறகு பிள்ளையை அருகில் அமர்த்தி, அதற்கும் வலிக்கும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காயம் பட்டிருந்தால் அவன் கையாலேயே தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். ஓணான் கதையை இனி ஒருவரும் சொல்லாதீர்கள். சொல்பவரைக் கேட்டால் மறுத்துரையுங்கள். அதற்குப் பதிலாகத் தாகித்த நாய்க்குத் தம் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்து மன்னிப்புப் பெற்ற மனிதரின் வரலாற்றைச் சொல்லுங்கள். பூனையைப் பட்டினி போட்டு அடைத்ததற்காகத் தண்டனைக்குள்ளான பெண்ணின் வரலாற்றைச் சொல்லுங்கள். குஞ்சுகளை இழந்து தவித்த தாய்க்குருவிக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்த பெருமானாரின் வரலாற்றைச் சொல்லுங்கள். தாய்மார் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு நாயும் அணிலும் பறவையும் வாங்கிக் கொடுத்து, அவற்றுக்கு வேளை தவறாமல் உணவிடும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டதை ஜான் லாக் பாராட்டி எழுதினார். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், கோடையில் மொட்டை மாடியில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாமே! ஜும்ஆ மேடையில் இதைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளியிலாவது, கத்தீபுகள் பேசட்டும். ஓதப் பள்ளியில் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு இதைக் கற்பிக்கட்டும். பிரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரக்கத்தைப் போதிப்பவரின் சொல்லைவிடப் பிரம்பின் சொல்லே பிள்ளைக்குக் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரக்கப்பட்டு அழும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தக் கண்ணீர் இறைவன் நம் வீட்டுக்கு அனுப்பிய அமானிதம். அதை உலர விட்டுவிட்டு, பின்னர் பிள்ளையின் உள்ளம் ஏன் வறண்டது என்று வானத்தைப் பார்த்துக் கேட்பதில் பொருளில்லை.

ஓணான் செய்த குற்றம் ஒன்றுமில்லை. குற்றம் செய்தவர்கள் யார் என்பதை அவரவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிந்திப்போமாக. சிந்தித்த பின் திருந்துவோமாக!